படத்தில் தெரியாத விரிசல்

ஹமாசாக்கி துறை
செப்டம்பர் 20, 2009

அன்பு மகள் மியோரிக்கு,

வெயில் தணிந்துவிட்டது. காற்று வடக்கே திரும்பியதும் நெத்திலியின் முதுகு கருக்கத் தொடங்கும். இந்த வருஷமும் அப்படியே. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை எழுது, எழுது என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உன் விடுதியில் போன் கூடாது என்று சட்டம் வைத்தது பிள்ளைகள் கடிதமாவது எழுதட்டும் என்றுதான் என்று நினைத்திருந்தேன். போன மாதம் உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு தபால் அட்டை. அதிலும் பாதி இடத்துக்கு மலையும் மேகமும் வரைந்திருந்தாய்.

இத்துடன் நெத்திலி அனுப்பியிருக்கிறேன். கடைகளுக்குப் போடுகிற சரக்கு அல்ல. அவித்த அன்றே நல்ல வெயில் கண்டது, தலை உடையாதது, நானே உட்கார்ந்து பொறுக்கியது. தினமும் ஒரு கைப்பிடி மென்று தின்னு. எலும்புக்கு இதைவிட ஒன்றும் கிடையாது. இதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் விற்றேன், உன்னையும் வளர்த்தேன்.

உன் கோச் ஓதாகிரி அவர்களுக்கும் தனியாக ஒரு பெட்டி போயிருக்கிறது. கூடவே எல்லாப் பெற்றோரும் எழுதுகிற மாதிரி முறையாக ஒரு கடிதம்: "பிள்ளையை உங்கள் கையில் கொடுத்துவிட்டோம், இரக்கம் பார்க்காமல் நடத்துங்கள்." அம்மா அதைப் படித்துவிட்டு, "கொஞ்சம் இரக்கம் பாருங்கன்னு எழுதினா தபால்காரன் வாங்க மாட்டானா?" என்றாள். முறை என்றால் முறைதான்.

டிசம்பரில் கியோட்டோவில் நடக்கிற தேசியத் தொடரோட்டப் போட்டிக்கு பஸ் பேசிவிட்டேன். நம் லாரி ஓட்டுகிற கென்சோ கேட்கிறான், "மாகாணப் போட்டியே இன்னும் நடக்கலையே முதலாளி. தோத்துட்டா பஸ்ஸ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?" "உன்னை ஏத்திக்கிட்டுக் கோயில் கோயிலா சுத்துவேன், உனக்குப் புத்தி வரட்டும்னு" என்றேன். அம்மாவுக்குக் கவலை வேறு. "நீங்க ஏலக்கூடத்துல கத்துற மாதிரி அங்க வந்து கத்தினா, பொண்ணு முடிவுக் கோட்டைத் தாண்டி ஒசாகா வரைக்கும் ஓடிடுவா."

காலில் ஒட்டுகிற டேப் கேட்டிருந்தாய், அகலமானது. அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்று நீ எழுதவில்லை. சரக்குக் கேட்கிறவன் காரணம் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. எழுது.

உன் அப்பா,
தொகுஜி


விடுதி, இரண்டாம் மாடி
அக்டோபர் 4, 2009

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நெத்திலி வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். மிக்க நன்றி.

டேப் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் பெரிதாக இல்லை. இடது காலில், முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் ஒரு இடம் வலிக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். மேலே இல்லை, கீழே இல்லை. முன்பெல்லாம் ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், சூடு ஏறியதும் மறந்துவிடும். இப்போது ஓடி முடித்த பிறகும் இருக்கிறது.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தொகியே அம்மா என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமே இல்லையாம். கோச் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு சுத்தமா இருக்கு. மனசுதான் சுத்தமா இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

தினமும் காலையில் எடை பார்த்துப் பலகையில் எழுதுகிறோம். இந்த வாரம் என் எண் குறைந்திருக்கிறது. கோச் அதைத் தட்டிக் காட்டி மற்றவர்களைப் பார்க்கச் சொன்னார். என் அறையில் இருக்கும் ஹனாய், இரண்டாம் வருஷப் பெண், ரொம்ப அழுதாள். "அக்கா, நான் தண்ணி குடிச்சாலே ஏறுது. நீங்க எப்படி அக்கா?" என்று கேட்டாள். 

அம்மாவின் முதுகு எப்படி இருக்கிறது? கென்சோ அண்ணனிடம் பஸ் வீண் போகாது என்று சொல்லுங்கள்.

தங்கள் மகள்,
மியோரி


ஹமாசாக்கி துறை
அக்டோபர் 12, 2009

அன்பு மியோரிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் அது திருவிழா.

கால் விஷயம். நான் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு நான் ஒருநாளும் விலை குறைத்ததில்லை, கண்ணுக்குத் தெரிந்த குறையை மறைத்து விற்றதும் இல்லை. படம் சுத்தம் என்றால் எலும்பு சுத்தம். சதை வலியாக இருக்கும். வெந்நீரில் காலை வை, நன்றாகத் தூங்கு, ஓடு. நான் இந்தத் துறைக்குத் தலைச்சுமைக் கூடையோடு வந்தபோது என் கழுத்தும்தான் வலித்தது. யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை.

நெத்திலியைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதினாயே, அது என்ன பட்டுத் துணியா? தின்னு.

அம்மா முதுகு தேவலை. நீ எடை குறைந்ததைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். "உங்களுக்கு மீன எடை போடத் தெரியும். பிள்ளைய எடை போடற இடத்துக்கு ஏன் அனுப்பினீங்க?" என்று கேட்டாள். நல்ல பள்ளி, நாடு முழுக்கப் பெயர் தெரிந்த அணி, நீயே ஆசைப்பட்டாய். நான் வேறென்ன செய்வேன்?

உன் அப்பா,
தொகுஜி


விடுதி, இரண்டாம் மாடி
நவம்பர் 8, 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

மாகாணப் போட்டியில் முதலாவதாக வந்தோம். பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கியோட்டோவுக்கு என் பெயர் மூன்றாவது ஆளாக இருக்கிறது. பஸ் வீண் போகவில்லை.

கால் இப்போது படுத்திருக்கும்போதும் வலிக்கிறது. ஒரு காலில் குதித்துப் பார்த்தேன், முடியவில்லை. கோச்சிடம் சொன்னேன். அவர் மேசையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "உங்கப்பா என்ன எழுதியிருக்கார் பாரு. அவர் அளவுக்கு உனக்கு உறுதி வேண்டாமா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை அப்பா. விடிவதற்கு முன்னாலேயே எங்களுக்காக எழுந்து சைக்கிளில் கூடவே வருகிறார்.

ஒன்று கேட்கவா? நான் ஒரு வாரம் வீட்டுக்கு வரட்டுமா? கிடங்கில் உட்கார்ந்து மீன் பொறுக்கித் தருகிறேன். ஓடாமல் ஒரு வாரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நீங்கள் கோச்சுக்குச் சொன்னால் அவர் விடுவார்.

வேண்டாம் என்றால் பரவாயில்லை. சும்மா கேட்டேன்.

மியோரி


ஹமாசாக்கி துறை
நவம்பர் 23, 2009

அன்பு மகள் மியோரிக்கு,

நீ ஜெயித்த செய்தி வந்த அன்று ஏலக்கூடத்தில் எல்லாருக்கும் நானே மீன் சூப் ஊற்றினேன். அது இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் அம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், "அவ எதையும் கேட்டு வாங்கற பொண்ணு இல்ல. கேட்டிருக்கா. கிளம்புங்க." நகரத்தில் இருக்கும் எலும்பு டாக்டரிடம் இழுத்துப் போனாள். உன் கடிதம்தான் எங்கள் கையில். டாக்டர் அதை வாங்கிப் படித்தார். இளவயசுக்காரர். நான் சொல்வதை வெட்டாமல் கேட்டார், பிறகு நிதானமாக விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

எலும்பு என்பது கல் மாதிரி சும்மா கிடக்கிற பொருள் இல்லையாம். உடம்பு தினமும் அதில் பழையதைக் கொஞ்சம் கரைத்து எடுத்து, அந்த இடத்தில் புதிதை வைக்குமாம். எடுப்பது வேகமாக நடக்கும், வைப்பது மெதுவாக. உன்னைப் போல ஓடுகிறவர்களுக்குத் தினமும் அதே இடத்தில் அடி விழுகிறது. வைக்க நேரம் கொடுக்காமல் எடுத்துக்கொண்டே போனால், ஒருநாள் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். விழவும் வேண்டாம், மோதவும் வேண்டாம்.

எனக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. கிடங்கில் வெளியே போகிற வேகத்துக்குச் சரக்கு உள்ளே வரவில்லை என்று வை. கதவைத் திறந்தால் மூட்டை அடுக்கியபடியேதான் தெரியும். ஆனால் முன்வரிசை மட்டும்தான் நிற்கும், பின்னால் காலி. ஒரு மூட்டையை உருவினால் எல்லாம் சரியும்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னாங்களே?" என்று கேட்டேன். அங்கேதான் எனக்கு அடி. முதல் சில வாரங்களில் பெரும்பாலும் தெரியாதாம். எலும்பு தன்னைத்தானே ஒட்டவைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியவருமாம். நாம் படத்தில் பார்ப்பது பல சமயம் விரிசலை இல்லை, அது ஒட்டுவதை. சீக்கிரம் தெரிய வேண்டுமென்றால் வேறு ஸ்கேன் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டும். ஆக, நான் போன தடவை எழுதியது தப்பு.

பிறகு அவர் கேட்டார், "பொண்ணு வயிறாரச் சாப்பிடுதா? மாசாமாசம் சரியா வருதா?" நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அம்மா, "போன கோடையோட நின்னுபோச்சு டாக்டர். கோச் அது நல்ல அறிகுறின்னு சொன்னாராம், ஓட்டக்காரி உடம்பு வந்துடுச்சுன்னு" என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது நின்றால் புதிதாக வைக்கிற வேலையும் குறைந்துவிடுமாம். உள்ளே வருகிற சரக்கே நின்ற மாதிரி. வீட்டுக்கு வருகிற வழியில் அம்மாவிடம் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றாள்.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு மாதமாவது ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கியோட்டோவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அம்மா இப்போதே கோச்சுக்குப் போன் போடச் சொல்கிறாள். நான் போடவில்லை. காரணம் சொல்கிறேன். நான் போட்டால் அவர் உடனே உன் பெயரை எடுத்துவிடுவார். மூன்று வருஷம் நீ உழைத்தது. நாளைக்கு, "அப்பாதான் கெடுத்தார்" என்று உனக்குத் தோன்றக் கூடாது. நீ சின்னப் பிள்ளை இல்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். முடிவு உன்னுடையது.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "முதல் விலைய எதிராளி வாயால வரவழைக்கிற பழக்கம் உங்களுக்கு. அவ நம்ம பொண்ணுங்க, ஏலத்துக்கு வந்தவ இல்ல" என்றாள். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

பஸ்ஸில் எல்லா இருக்கையும் நிறைந்துவிட்டது. உன் பெயர் போட்டுக் கொடி தைக்கிறார்கள். கென்சோ புதுச் சட்டை வாங்கியிருக்கிறான்.

உன் அப்பா,
தொகுஜி


விடுதி, இரண்டாம் மாடி
டிசம்பர் 13, 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் பல தடவை படித்தேன். கிடங்கு உதாரணம் நன்றாக இருந்தது. எல்லாம் புரிந்தது.

ஓடுகிறேன். இரண்டாவதாக ஓடுகிறவள் தோளில் போட்டு வரும் நீலத் துணிப்பட்டையை வாங்கி, ஹனாயிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. அந்தப் பட்டையை எங்கள் அக்காமார்கள் எத்தனையோ வருஷமாக ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். என்னிடம் வந்து நின்றது என்று இருக்கக் கூடாது. வலி மாத்திரை இருக்கிறது.

கொடி பெரியதாக வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிருக்கு அம்மாவை இரண்டு சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மியோரி


ஹமாசாக்கி துறை
டிசம்பர் 28, 2009

அன்பு மகள் மியோரிக்கு,

அம்மா உன் பக்கத்தில் இருப்பதால் இங்கே சமையல் நான்தான். கென்சோ ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, "முதலாளி, நீங்க வியாபாரத்தையே பாருங்க" என்றான்.

அறுவை நன்றாக நடந்தது, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ, "இவ்வளவு தூரம் வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றாய். என் கடைக்கு முதல் தடவையாக வருகிற ஆளிடம் நான் அப்படித்தான் சொல்வேன். மருந்து மயக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி அன்று ராத்திரியே நாங்கள் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். கொடியை யாரோ மடித்து என் இருக்கையில் வைத்திருந்தார்கள். நீ நின்ற வளைவுக்குப் பக்கத்தில்தான் நாங்கள் எல்லாரும் இருந்தோம். பெரிய கூட்டம். எல்லாரும் கத்தினார்கள். பட்டையை நீ ஹனாய் கையில் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தாய் என்று துறையில் எல்லாரும் பெருமையாகப் பேசுகிறார்கள். நான் அந்தப் பேச்சில் நிற்பதில்லை.

விடுதி அம்மா உன் சாமான்களை அனுப்பிவைத்தார். போர்வை, புத்தகங்கள், ஓடுகிற ஷூக்கள். அடியில் ஒரு பெட்டி. இந்த மூன்று வருஷம் நான் அனுப்பிய நெத்திலிப் பாக்கெட்டுகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். பாக்கெட்டில் தேதி முத்திரை குத்தியது நான்தானே. எது எந்த மாதம் பிடித்த மீன் என்று பார்த்தாலே தெரிகிறது. கடையிலிருந்து திரும்பி வந்த சரக்கை நான் உடனே கழித்துவிடுவேன். இதை என்ன செய்வது என்று தெரியாமல் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

புத்தாண்டுக்கு நீயும் அம்மாவும் அங்கேயே இருப்பதால் நான் அரிசி உருண்டை வாங்கவில்லை.

பதில் எழுது.

உன் அப்பா,
தொகுஜி


ஹமாசாக்கி துறை
ஜனவரி 31, 2010

அன்பு மியோரிக்கு,

பனி பெய்கிறது. நெத்திலி இல்லாத மாதம், எனக்கு வேலை குறைவு. உன்னிடமிருந்து பதில் இல்லை. கை உடையவில்லையே, கால்தானே என்று எழுத நினைத்தேன். பிறகு அதை எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் பெட்டியிலிருந்து மிகப் பழைய பாக்கெட்டை நேற்றுப் பிரித்தேன். மஞ்சள் பாரித்து, எண்ணெய் கக்கி, சிக்கு வாடை. பார்த்து அனுப்பிய மீன். சாப்பிட்டாயா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டேன். நீ சாப்பிட்டேன் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பொய் சொல்ல உனக்கு வரவில்லை. எனக்குப் படிக்க வரவில்லை.

பல்கலைக்கழகத்து ஓட்ட அணியில் கொடுப்பதாக இருந்த இடம் இல்லையென்று ஆகிவிட்டதாக அம்மா சொன்னாள். போகட்டும்.

வீட்டுக்கு வா. இது நவம்பரிலேயே எழுத வேண்டிய வரி. இப்போது எழுதுகிறேன். மீன் பொறுக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்திரு.

அப்பா


பெரியம்மா வீடு
மார்ச் 14, 2010

அப்பாவுக்கு,

பள்ளி முடிந்தது. ஊன்றுகோலோடு போய்ச் சான்றிதழ் வாங்கினேன். ஹனாய் அழுதாள். இந்த வருஷம் அவள்தான் அணித் தலைவி. எடைப் பலகை இன்னும் அதே சுவரில்தான் இருக்கிறது. சாப்பிடு என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். "சாப்பிடறேன் அக்கா" என்றாள். நம்பவில்லை.

நான் இப்போதைக்கு வீட்டுக்கு வரவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்த ரொட்டிக் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறார்கள். அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: போன வாரம் வந்தது. அவங்களுக்குப் புரியும். இப்போது உங்களுக்கும் புரியும்.

நெத்திலி அனுப்ப வேண்டாம். இங்கே பெரியம்மா சூப்பில் போடுகிறார். தின்கிறேன். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்கவில்லை.

நவம்பரில் நான் ஒரு வாரம் கேட்டேன். நீங்கள் எலும்பைப் பற்றி எழுதினீர்கள். அவ்வளவு தெளிவாக எனக்கு இதுவரை எந்த டாக்டரும் சொன்னதில்லை. படித்துக்கொண்டே வந்தேன், அடுத்த வரியில் "வா" என்று இருக்கும், அடுத்த வரியில் இருக்கும் என்று. முடிவு உன்னுடையது என்று இருந்தது. அதற்குக் கீழே பஸ் நிறைந்துவிட்டது என்று இருந்தது. எது உங்கள் விலை என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் மகள்தானே நான்.

கடைசி வளைவில் காலுக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. நான் நின்றேன் அப்பா. யாரும் இதைப் பேசுவதில்லை, டிவியிலும் காட்டவில்லை. ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். போதும் என்று நினைத்தேன். பட்டை போனால் போகட்டும், ஓரமாகப் போய் உட்காரலாம் என்று பக்கத்தில் எல்லாம் பார்த்தேன். அப்போது உங்கள் குரல் கேட்டது. "விடாதே மியோரி." அத்தனை கூட்டத்தில் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? ஏலக்கூடத்து வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். அதற்குப் பிறகு வைத்த அடிகளில்தான் எலும்பு இரண்டாக விலகியது என்று இங்கே டாக்டர் சொன்னார்.

எல்லாரும் கத்தினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கேட்டது ஒரு குரல்தான்.

எனக்கு உங்கள் மேல் கோபம். இவ்வளவு நாளாக அதை எழுத வரவில்லை. ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தபோது நன்றி என்றுதான் வாயில் வந்தது. உங்கள் கடிதங்கள் வந்தபோதும் காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, பருவநிலையைப் பற்றி ஒரு வரி எழுதி, கிழித்துப் போட்டேன். இன்றைக்கு எழுதிவிட்டேன். திருத்தி எழுதப் போவதில்லை.

மறுபடி எப்போது எழுதுவேன் என்று தெரியவில்லை. நீங்கள் எழுதினால் படிப்பேன்.

நேற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். உடைந்த இடத்தில் வெள்ளையாக, தெளிவாகத் தெரிகிறது.

மியோரி